மதுரைப் பட்டமும் அயல்நாட்டு ஆங்கில வகுப்பறையும்

அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பிக்க இந்தியப் பட்டம் செல்லும். ஆனால் பட்டம் மட்டும் போதாது. ஒத்தக்கடையிலிருந்து மதுரைக் கல்லூரிக்குப் போய் பி.ஏ. ஆங்கிலமும், பிறகு பி.எட்.டும் முடித்த ஒருவருக்கு நாட்டுக்கு நாடு விதி மாறும்.

தென்கொரியா ஆங்கில ஆசிரியர் விசாவைப் பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட 7 நாட்டவருக்கே தருகிறது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தம், ஆசிரியர் பயிற்சிச் சான்று பெற்ற இந்தியருக்கும் அரசுப் பள்ளிகளில் துணையாசிரியர் வேலைக்கு வழிவிட்டது. ஜப்பானில் 12 ஆண்டு ஆங்கிலவழிக் கல்வியைப் பொதுவாகக் கேட்பார்கள். தமிழ்வழியில் பள்ளி முடித்தவருக்கு அங்கே சிக்கல். வியட்நாமில் பட்டத்தோடு டெசால் போன்ற, ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சிச் சான்றும் வேண்டும்.

அடுத்தது சான்றொப்பம். பட்டச் சான்றிதழை மாநில அரசு சரிபார்த்த பின் வெளியுறவு அமைச்சகம், ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் முத்திரையை இடும். இந்தியாவில் இது 2005 முதல் நடைமுறையில் உள்ளது. ஹேக் உடன்படிக்கையில் சேராத ஐக்கிய அரபு அமீரகத்துக்குத் தூதரக ஒப்பமும் தேவை.

சான்றிதழில் ‘எம்.’ என்று இனிஷியலும் பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயரும் இருந்தால் விண்ணப்பம் தடைபடலாம். விண்ணப்பிக்கும் முன்பே அதைச் சரிசெய்துகொள்வது நல்லது.