எல்லைத் தோட்டங்களில் குழந்தைகளின் க்ஷயரோகம்

க்ஷயரோகம் என்றவுடன் இருமியிருமி இளைத்த பெரியவர் ஒருவரின் உருவமே நம் மனத்தில் எழுவதால், அதே நோய் அதிக இருமலோ சளியோ இன்றி, வெறும் சோர்வும் விடாத காய்ச்சலுமாக ஒரு மூன்று வயதுக் குழந்தையை அரித்துக்கொண்டிருப்பதை வீட்டார் காணத் தவறிவிடுகிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம் இந்நோயின் கிருமி நுரையீரலோடு நில்லாமல் மூளையுறை வரை பரவக்கூடும். பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. ஊசி அத்தகைய கொடிய வடிவங்களைப் பெரிதும் தடுக்குமேயன்றி, நோயே வராது என்று உத்தரவாதம் தருவதில்லை.

குழந்தைக்குக் கிருமியைத் தருபவர் பெரும்பாலும் கூடவே உறங்கும் பெரியவர்தான். ஆகவே குழந்தையின் நோயைத் தேடுகிறவர்கள், வீட்டில் இருமுகிறவர் யார் என்றே முதலில் விசாரிக்க வேண்டும். கேரளத்தின் மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலும், போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு வரும் குடும்பங்களிலும், பாலக்காட்டுக் கிழக்கெல்லைக் கிராமங்களிலும் அந்த விசாரணைக்குத் தமிழ் பேசும் மாணவர்களைவிடத் தகுந்தவர் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். மலையாளப் படிவத்தின் முன் வாயடைத்து நிற்கும் தாய், பக்கத்து லயத்துப் பெண் வந்து, "அக்கா, தாத்தாவுக்கு இன்னும் இருமல் நிக்கலையா? பிள்ளை சரியா சாப்பிடுதா?" என்று கேட்டால் மனம்விட்டுப் பேசுவாள். 1969-இல் தோன்றிய நாட்டு நலப்பணித் திட்டம் நம் கல்லூரிகளில் இருக்கையில், இதற்கெனப் புதிய ஸ்தாபனம் எதுவும் வேண்டியதில்லை.

மாணவர்கள் கேட்க வேண்டியவை சொற்பமே: இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ உண்டா, கழுத்தில் கட்டி உண்டா, கடந்த இரண்டாண்டில் வீட்டில் எவருக்கேனும் இந்நோய் இருந்ததா. அங்கன்வாடி அட்டையில் எடைக் கோடு மாதக்கணக்கில் மேலேறாமல் படுத்துக் கிடந்தால், அதுவும் ஒரு சாட்சியே. ஆனால் நோய் இன்னதென்று தீர்ப்புரைப்பது அவர்கள் வேலையன்று. பெற்றோரின் சம்மதமின்றிக் கேட்பதும், குழந்தையைப் படமெடுப்பதும், பெயரை வாட்ஸ்அப் குழுவில் இடுவதும் அந்தக் குடும்பத்தின் மானத்துக்கு இழைக்கும் பெரும் துரோகமாகும். மாணவர்கள் முகக்கவசம் அணிந்து வாசற்புறத்தில் நின்று பேசுவது அவர்களுக்கும் ரக்ஷை.

சந்தேகம் எழுந்தால் அரசு மருத்துவமனையில் பரிசோதனை இலவசம். சிறு பிள்ளைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவதால், விடியற்காலையில் வெறும் வயிற்றில் மெல்லிய குழாயால் இரைப்பை நீரை எடுப்பது உண்டு. மலத்திலும் கிருமியைத் தேடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. நோய் உறுதியானால், மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண வகைக்குப் பொதுவாக ஆறு மாத சிகிச்சையும் இலவசமே. மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதைக் கண்டு, இரத்தமோ என்று பதறி மாத்திரையை நிறுத்திவிடும் தாய்மாருக்கு, அது மருந்தின் நிறமே என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். நோயுற்றவருடன் வாழும், நோயற்ற குழந்தைகளுக்கும் தடுப்பு மருந்து பெறும் உரிமை உண்டு.

1956-இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை ஆய்வு, சானடோரியத்தில் கிடப்பதற்குச் சற்றும் குறையாமல் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தது. ஆதலின் நோயாளியை ஊரை விட்டு ஒதுக்க எந்த நியாயமும் இல்லை. மருத்துவர் அனுமதித்தபின் குழந்தையைப் பள்ளி திருப்பி அனுப்புவதற்கும் நியாயமில்லை.

க்ஷயரோகிகளுக்கான அரசு உதவித் திட்டமான நி-க்ஷய் போஷண் யோஜனாவில் ஊட்டத்துக்கென மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாயிற்று. குழந்தைக்கு வங்கிக் கணக்கு இல்லையென்றால் பெற்றோர் கணக்கிலேயே பெறலாம். கம்பத்தில் மருந்து தொடங்கிய குழந்தை பூப்பாறைக்குக் குடிபெயர்ந்தால், நோயாளிக்குத் தரப்படும் நி-க்ஷய் பதிவு எண்ணைக் காட்டி, சிகிச்சையைப் புதிய ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். மாநில எல்லை அதற்குத் தடையன்று. அந்த எண்ணைத் தாய் பத்திரப்படுத்தியிருக்கிறாளா என்று மாணவர்கள் மறவாமல் கேட்க வேண்டும். மருந்தோ பணமோ மறுக்கப்பட்டால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் முறையிடலாம்.