25565-ஆம் எண் கதவு

போன பள்ளி விடுமுறையில் கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு வந்த களைப்பில் சோபாவில் சாய்ந்தால், அக்கா மகன் எதிரே வந்து நின்றான்.

"மாமா, எங்க வீட்டு ரவுட்டருக்கு நீங்கதானே பாஸ்வர்ட் போட்டீங்க? எனக்குச் சொல்லுங்களேன். அம்மாகிட்ட கேட்டா திட்டுவாங்க."

படிவம் ஒன்று படிக்கிற பையன். எதற்கு என்று கேட்டேன். வீட்டிலேயே ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் வைக்கப் போகிறானாம்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டும் அவன் பக்கத்தில் உட்கார்ந்த நண்பன், அப்பாவின் வேலை மாற்றத்தால் ஈப்போவுக்குப் போய்விட்டான். இருவரும் பொதுச் சர்வர் ஒன்றில் சந்தித்து விளையாடி வந்தார்கள். அங்கே முன்பின் தெரியாத ஒருவர், "எந்த ஊர்? எந்தப் பள்ளி?" என்று விசாரிக்கத் தொடங்கவே, இருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். சொந்தமாக ஓர் இடம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பது பையனின் கணக்கு.

நியாயமாகத்தான் பட்டது. "செய்வோம். ஆனால் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் செய்வோம்" என்றேன்.

அழைப்பு யாருக்கு?

அக்காவுக்கு நான் வானொலி நிலையத்தை வைத்து விளக்கினேன். நிலையத்துக்கு வெளியே தெரிவது ஒரே தொலைபேசி எண். உள்ளே ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனி எண். நான் வெளியே ஒருவரை அழைத்தால், அவருடைய பதில் எனக்குத்தான் என்பது தெரியும். ஆனால் வெளியிலிருந்து யாரோ திடீரென்று அழைத்து எதுவும் சொல்லாமல் இருந்தால், அழைப்பை எந்த மேசைக்குத் தருவது?

ரவுட்டரின் நிலைமையும் அதுதான். வீட்டிலுள்ள கைப்பேசி, தொலைக்காட்சி, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள் முகவரிகளை அது தருகிறது. வெளியே தெரிவது ஒரே முகவரி. நாம் கேட்டு வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கும். கேட்காமல் வருவதைத் தள்ளிவிடும். ஈப்போ நண்பன் வந்து தட்டினாலும் கதி அதுதான்.

அதற்குத்தான் 'போர்ட் ஃபார்வர்டிங்'. கணினியில் இயங்கும் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு வழக்கமாகப் பயன்படுத்துவது 25565-ஆம் எண் போர்ட். "அந்த எண்ணைக் கேட்டு யார் வந்தாலும் இந்த மடிக்கணினிக்கு அனுப்பு" என்று ரவுட்டரில் ஒரு விதி எழுதிவிட வேண்டும். கைப்பேசியில் விளையாடும் பெட்ராக் பதிப்புக்கு எண் வேறு: 19132. இரண்டு பதிப்புக்காரர்களும் நேரடியாகச் சேர்ந்து விளையாட முடியாது. நண்பன் வைத்திருப்பது எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

"அப்ப கதவைத் திறந்து வைக்கிறோமா? கேட்டைப் பூட்டாம நான் ஒரு நாளும் தூங்கினதில்லடா தம்பி" என்றார் அக்கா.

சரியான கேள்வி. அந்தக் கதவு ஒரே ஓர் அறைக்குத்தான் திறக்கிறது. ஆகவே அந்த அறையில் விலை உயர்ந்த எதையும் வைக்கக் கூடாது. அலமாரியில் கிடந்த பழைய மடிக்கணினியைத் துடைத்து எடுத்தோம். குடும்பப் படங்கள், வங்கிக் கணக்கு விவரம் எதுவும் அதில் இல்லாதபடி சுத்தமாக அழித்தோம். நாலைந்து பேர் விளையாட அது போதும். சர்வர் மென்பொருளை மைன்கிராஃப்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

அரை நாள் அலைச்சல்

எல்லாம் செய்தும் நண்பனால் உள்ளே வர முடியவில்லை. ரவுட்டரின் பக்கத்தில் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அதற்குக் கிடைத்திருந்த வெளி முகவரியே 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை, இணையச் சேவை நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக ஒதுக்கப்பட்டவை. பழைய முறை முகவரிகள் உலகம் முழுமைக்கும் ஏறத்தாழ 430 கோடிதான். ஆசிய பசிபிக் வட்டாரத்தில் 2011 ஏப்ரல் முதல் அவை பங்கீட்டு முறையில்தான் கிடைக்கின்றன. அதனால்தான் இந்தப் பகிர்வு. நம் வீட்டுக் கதவைத் திறந்தாலும், அடுக்குமாடியின் வாசல் கதவு நம் கையில் இல்லை.

சேவை நிறுவனத்தை அழைத்தோம். நான்கு பேரிடம் மாற்றி மாற்றி விளக்கிய பிறகு, தனிப் பொது முகவரி கொடுத்தார்கள். அப்படிக் கிடைக்காதவர்கள் டெயில்ஸ்கேல் போன்ற தனியார் வலையமைப்பு மென்பொருளை இரு வீட்டுக் கணினிகளிலும் நிறுவலாம். அதற்குக் கதவே திறக்க வேண்டியதில்லை.

மறுபடி முயன்றோம். வெளி முகவரியைத் தட்டிப் பார்த்த மருமகனுக்கு இணைப்பு கிடைக்கவில்லை. முகம் வாடிவிட்டது. அதற்குள் கைப்பேசி ஒலித்தது. "டேய், நான் உள்ளதான் இருக்கேன். நீ எங்க?" சில ரவுட்டர்களில் வீட்டுக்குள் இருந்துகொண்டு வெளி முகவரி வழியாக வர முடியாது. உள் முகவரியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதைப் போட்டதும் இருவரும் ஒரே புல்வெளியில் நின்றார்கள்.

மூன்றாம் நாள் வந்தவர்

மூன்றாம் நாள் இரவு, சர்வரின் பதிவேட்டில் யாருக்கும் தெரியாத ஒரு பெயர் இருந்தது. உள்ளே வர முயன்றிருக்கிறார். பட்டியலில் பெயர் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்.

"யாரும்மா இது? நான் யாருக்கும் முகவரி கொடுக்கலையே!" பையன் பயந்துவிட்டான்.

யாரும் கொடுக்க வேண்டியதில்லை. திறந்த கதவுகளைத் தேடி இணையம் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. முதல் நாளே நாங்கள் 'வைட்லிஸ்ட்' எனும் அனுமதிப் பட்டியலை இயக்கியிருந்தோம். அன்று எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

இதை விளையாட்டு என்று அலட்சியமாக விட முடியாது. 2021 டிசம்பரில் 'லாக்ஃபோர்ஜே' என்ற மென்பொருளில் பெரிய ஓட்டை ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. மைன்கிராஃப்ட் உரையாடலில் ஒரு வரி தட்டினாலே சர்வர் கணினியைக் கைப்பற்ற முடிந்தது. உடனே புதிய பதிப்பு வெளியிட்டு அடைத்தார்கள். புதுப்பிக்காதவர்களின் கதவு திறந்தே கிடந்தது. 2016-இல் உலகை உலுக்கிய 'மிராய்' தாக்குதல் நிரலும் மைன்கிராஃப்ட் சர்வர்களைச் சுற்றிய போட்டியில் பிறந்ததுதான். ஆலைக் கடவுச்சொல்லை மாற்றாத ரவுட்டர்களும் கேமராக்களுமே அதற்கு இரையாயின.

செய்வதற்கு முன்

* ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள்.
* தேவையான ஒரு போர்ட்டை மட்டும் திறங்கள். எல்லாவற்றையும் திறந்துவிடும் 'டிஎம்ஸீ' வசதியைத் தொடாதீர்கள்.
* சர்வர் கணினிக்கு உள் முகவரி மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கி வையுங்கள்.
* அனுமதிப் பட்டியலை இயக்குங்கள். கணக்கைச் சரிபார்க்கும் 'ஆன்லைன் மோட்' அமைப்பை அணைக்காதீர்கள்.
* விளையாடாத நேரத்தில் சர்வரை நிறுத்திவிடுங்கள். விளையாட்டு அலுத்துப்போனால் ரவுட்டரில் எழுதிய விதியையும் அழியுங்கள்.

இப்போது அந்தப் பட்டியலில் ஐந்து பெயர்கள். ஆறாவதாக ஒரு பெயர் சேர வேண்டுமானால், அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் அக்கா முதலில் பேச வேண்டும். இந்த விதியைப் போட்டது அக்கா இல்லை. அந்த மூன்றாம் நாள் இரவுக்குப் பிறகு, மருமகனே போட்டுக்கொண்டது.

ரவுட்டர் பாஸ்வர்ட் இன்னும் அக்காவிடம்தான் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் அவன் கேட்டால் அவர் திட்டுவதில்லை. "எந்தக் கதவுடா?" என்று மட்டும் கேட்கிறார்.