சாணக்யபுரி வானம் எழுப்பும் கேள்வி

புது தில்லி: குடியரசு தினமும் சுதந்திர தினமும் நெருங்கும்போதெல்லாம் தில்லி காவல் துறை ஓர் உத்தரவைப் பிறப்பிப்பது வழக்கம். பாராகிளைடர், ஆளில்லா விமானம், வெப்பக்காற்று பலூன், சிறு இயந்திர விமானம் போன்றவை தலைநகரின் மேல் பறக்கக் கூடாது. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கவும் கூடாது என்பது அதன் சாரம்.

தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரியின் வானம் இன்று இத்தகைய கட்டுப்பாடுகளுக்குள் இருக்கிறது. ஆனால் 1980 ஜூன் 23, திங்கள்கிழமை காலை இதே வானில் தாழப் பறந்து சாகசம் செய்த ஒரு சிறு விமானம், நாட்டின் அரசியலையே திசை மாற்றியது.

சப்தர்ஜங்கிலிருந்து புறப்பாடு

பிரதமர் இந்திரா காந்தியின் இளைய மகனும் அமேதி தொகுதி எம்.பி.யுமான சஞ்சய் காந்தி, அன்று சப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து 'பிட்ஸ் எஸ்-2ஏ' ரக விமானத்தில் புறப்பட்டார். உடன் சென்றவர் தில்லி பறத்தல் கழகத்தைச் சேர்ந்த கேப்டன் சுபாஷ் சக்சேனா. சாணக்யபுரிப் பகுதியின் மேல் செங்குத்தாக வட்டமடித்தபோது, மீண்டும் மேலெழ முடியாமல் விமானம் தரையில் மோதியது. இருவரும் உயிரிழந்தனர். சஞ்சய்க்கு அப்போது வயது 33. காங்கிரஸ் (இ) பொதுச் செயலராகி இரு மாதங்கள்கூட நிறைவடையவில்லை.

பிட்ஸ் விமானம் இரட்டை அடுக்கு இறக்கையும் 200 குதிரைத் திறன் கொண்ட ஒற்றை பிஸ்டன் என்ஜினும் உடையது. சாகசத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதில் வட்டமடிப்பது குற்றமல்ல. எந்த உயரத்தில், எந்த இடத்துக்கு மேல் என்பதே கேள்வி.

உயரம் என்னும் காப்பு

பாராசூட் வீரர்களை ஏற்றிச் செல்ல உலகெங்கும் பயன்படும் செஸ்னா 182 விமானமும் ஒற்றை பிஸ்டன் என்ஜின் கொண்டதுதான். நான்கைந்து பேருடன் சுமார் 10 ஆயிரம் அடி உயரத்தை எட்ட அதற்கு ஏறத்தாழ அரை மணி நேரமாகும். குதிப்பவர் கதவுக்கு வெளியே படியில் நிற்கும் வேளையில் வேகம் குறைக்கப்படும். காற்றின் எதிர்ப்போ கூடும். வேகம் அளவுக்கு மேல் குறைந்தால் இறக்கைகள் தூக்கும் விசையை இழந்துவிடும். திரும்பி இறங்கும்போது, சூடேறிய என்ஜின் சட்டெனக் குளிர்ந்துவிடாதபடி படிப்படியாகவே விசையைக் குறைக்க வேண்டும் என்று விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது.

இத்தனை இடர்களுக்கு நடுவிலும் அந்த விமானிக்கு ஒரு காப்பு உண்டு. அது உயரம். பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ள ஆயிரக்கணக்கான அடி இடைவெளி இருக்கிறது. சாணக்யபுரியில் அன்று இல்லாமல் போனது அந்த இடைவெளிதான்.

விலக்கப்பட்ட அதிகாரி

தாழப் பறந்தோ குடியிருப்புகளை நெருங்கியோ தேவையற்ற ஆபத்தை விளைவிக்கக் கூடாது என்று 1937-ஆம் ஆண்டின் வானூர்தி விதிகள் அப்போதே கூறின. சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநராக இருந்த ஏர் மார்ஷல் ஜாஃபர் ஜஹீர், சஞ்சயின் விதிமீறல்களை அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றதாகவும், அதன் விளைவாக விடுப்பில் அனுப்பப்பட்டதாகவும் இந்திரா காந்தியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்துள்ளனர். அந்த எச்சரிக்கை ஏற்கப்பட்டிருந்தால் இரு உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடும்.

இந்தியன் ஏர்லைன்ஸ் விமானியாக இருந்த ராஜீவ் காந்தி, தம்பியின் மறைவுக்குப் பின்னரே அரசியலுக்கு வந்தார். 1981-இல் அமேதி இடைத்தேர்தலில் வென்றார், 1984-இல் பிரதமரானார். 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் முடிந்த அந்த அரசியல் பயணத்தின் தொடக்கம் சாணக்யபுரி விபத்துதான் என்பதைத் தமிழக மக்கள் எளிதில் மறந்துவிட முடியாது.

இன்றும் தீராத விவாதம்

ஒழுங்குமுறை அமைப்பு அரசின் நிழலிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்றத்துக்குப் புதிதல்ல. தலைமை இயக்குநரகத்துக்குப் பதிலாகத் தனி ஆணையம் அமைக்கும் மசோதா 2013 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமானது. 15-ஆவது மக்களவையுடன் அதுவும் காலாவதியானது. 2020-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இயக்குநரகத்துக்குச் சட்டபூர்வ அந்தஸ்து அளித்தது. 1934-ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்கு மாற்றாக 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 'பாரதீய வாயுயான் அதினியம்' அந்த அந்தஸ்தைத் தொடர்கிறது. அதே வேளையில், மேற்பார்வை அதிகாரத்தை மத்திய அரசே வைத்துக்கொண்டுள்ளது.

ஆமதாபாதில் 2025 ஜூன் 12-இல் நிகழ்ந்த ஏர் இந்தியா விமான விபத்துக்குப் பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கை, இயக்குநரகத்தில் ஏறத்தாழ பாதிப் பணியிடங்கள் காலியாக இருந்ததைச் சுட்டிக்காட்டி, அதற்குத் தன்னாட்சி தேவை என வலியுறுத்தியது.

சப்தர்ஜங் ஓடுதளத்தில் பறத்தல் பயிற்சி எப்போதோ நின்றுவிட்டது. முக்கியப் பிரமுகர்களின் ஹெலிகாப்டர்களே அங்கு வந்து செல்கின்றன. அதே வளாகத்தில்தான் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் தலைமையகமும் இயங்குகிறது. வானத்தைப் பூட்டுவதற்குக் காவல் துறையின் ஓர் உத்தரவு போதும். செல்வாக்கு மிக்க ஒருவரிடம் 'கூடாது' என்று கூறும் அதிகாரி மறுநாளும் தன் இருக்கையில் இருப்பதற்கு வழி செய்ய வேண்டியது நாடாளுமன்றமே.