முடக்குவாதமும் மனச்சோர்வும்

முடக்குவாதம், சரவாங்கி என்றெல்லாம் சொல்லப்படும் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்த மூட்டுகளையே தாக்குவதால் வருகிறது. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு தடித்து வீங்குகிறது. கவனிக்காமல் விட்டால் அது குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கும். நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் சற்றுக் குறைவாக, இந்த நோய் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் 30 முதல் 60 வயதுக்குள், குடும்பமும் வேலையும் ஒருசேர அழுத்தும் பருவத்தில் தலைகாட்டுகிறது. வயதாகி மூட்டு தேய்வதால் வரும் வலி வேறு, இது வேறு. இதில் இரு கைகளிலும் விரல் கணுக்களும் மணிக்கட்டும் சேர்ந்தே வீங்கும். காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும், மூட்டுகள் இறுகிப்போய்க் கிடக்கும்.

இந்த நோயாளிகள் எழுந்து உட்கார முடிகிறதா, விரலை மடக்க முடிகிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் கேட்டுப் பார்த்த ஆய்வுகள் சொல்வது கவலைக்குரியது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2013இல் 72 ஆய்வுகளை, மொத்தம் 13,189 நோயாளிகளின் தகவல்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முறையான மருத்துவ நேர்காணலில் 16.8 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு நோய் இருந்தது. பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை வைத்து அளந்தபோது அது 38.8 சதவீதமாக உயர்ந்தது. இரண்டுக்கும் நடுவே ஏன் இவ்வளவு இடைவெளி என்பதற்குப் பின்னால் வருவோம். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் ஆறு பேரில் ஒருவர். பொது மக்களிடையே காணப்படுவதைவிட இது பல மடங்கு.

காரணங்களில் ஒரு பகுதி வெளிப்படையானது. வலி ஓயாத உடம்போடு வாழும் யாருக்கும் மனம் சோரும். முடக்குவாதத்தில் அதோடு வேறு சிலவும் சேர்கின்றன. காலை ஆறு மணிக்கு எழும் ஒரு பெண்ணுக்குக் குழாயைத் திருக முடியவில்லை. குக்கர் மூடியைப் பூட்ட முடியவில்லை. சேலைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடிக்க விரல் ஒத்துழைப்பதில்லை. பத்து மணிக்கு இறுக்கம் தளர்ந்ததும் அதே கை ஓரளவு வேலை செய்கிறது. பார்ப்பவர்களுக்கு அது விளங்காது. "காலையில முடியலன்ன, இப்ப நல்லாத்தானே இருக்கே" என்ற பேச்சு வலியைவிட ஆழமாகக் குத்துகிறது. நோய் என்றைக்குக் கிளம்பும், என்றைக்கு அடங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கக்கூட நோயாளி தயங்குகிறார். சிறிது சிறிதாக அழைப்புகள் குறைகின்றன. இளம் வயதுப் பெண்ணாக இருந்தால் திருமணம், குழந்தை என்ற கேள்விகளும் வந்து நிற்கின்றன. முக்கிய மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைக் கர்ப்ப காலத்தில் எடுக்கக் கூடாது என்பதால் அந்தக் கவலைக்கு மருத்துவ அடிப்படையும் உண்டு.

காரணம் இவ்வளவுதான் என்று நெடுநாள் நம்பப்பட்டது. கை போனது, வேலை போனது, அதனால் மனம் உடைந்தது என்ற கணக்கு. கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் அதற்கு அடியில் இன்னொரு ஓட்டத்தைக் காட்டியிருக்கின்றன. மூட்டை வீங்கவைக்கும் அதே அழற்சி மூளையையும் தொடுகிறது.

முடக்குவாதத்தில் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1 போன்ற சைட்டோகைன்கள் அளவு மீறிச் சுரக்கின்றன. இவை நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்கள். அந்தச் செய்தி ரத்தத்தின் வழியாகவும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளைக்கு எட்டுகிறது. காய்ச்சல் வந்தால் உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடப்பதும், பசி போவதும், யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுப்பதும் கிருமி நேரடியாகச் செய்யும் வேலை அல்ல, இந்தச் சைட்டோகைன்கள் மூளையில் செய்யும் வேலை. காய்ச்சலில் அது சில நாளில் முடிந்துவிடும், உடம்பு ஓய்வெடுத்துத் தேற உதவியும் செய்யும். முடக்குவாதத்தில் அழற்சி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிப்பதால் அந்த நிலை விலகாமலே இருக்கிறது. மனநிலையைச் சீராக வைக்கும் செரோடோனின், டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது. அழற்சி மிகும்போது அந்த டிரிப்டோஃபேனில் கூடுதல் பங்கு கைனுரெனின் என்ற வேறொரு பாதைக்குத் திரும்பிவிடுகிறது.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்குச் சான்றுகள் உண்டு. கல்லீரல் அழற்சி-சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா ஊசி போடப்பட்டது. அதுவும் ஒரு சைட்டோகைன்தான். அதைப் போட்டுக்கொண்டவர்களில் கணிசமானவர்களுக்கு, அதற்கு முன் மனநோயே இல்லாதவர்கள் உட்பட, சில வாரங்களில் மனச்சோர்வு வந்தது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனை இன்னும் நேரடியானது. முடக்குவாத நோயாளிகளுக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை ஏற்றிவிட்டு மூளையை எம்ஆர்ஐ கருவியில் பார்த்தார்கள். மூட்டு வீக்கம் குறையத் தொடங்குவதற்கு முன்பே, 24 மணி நேரத்துக்குள், வலியைப் பதிவு செய்யும் பகுதிகளிலும் உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதிகளிலும் பரபரப்பு தணிந்திருந்தது.

அப்படியென்றால் அழற்சியைத் தடுக்கும் மருந்தே மனச்சோர்வுக்கும் மருந்தா? அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம் 2013இல் இதற்கு விடை தேடியது. மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு கொண்ட 60 பேருக்கு இன்ஃப்ளிக்சிமாப் அல்லது போலி மருந்து கொடுக்கப்பட்டது. மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. ஆனால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு தொடக்கத்தில் அதிகமாக இருந்தவர்களிடம் பலன் தெரிந்தது. எல்லா மனச்சோர்வும் அழற்சியால் வருவதில்லை, அழற்சியோடு வருவது ஒரு தனி வகை என்பதற்கு இது நல்ல சான்று. முடக்குவாத நோயாளியிடம் "மனசைத் திடப்படுத்திக்கோ" என்று சொல்லும் உறவினர்கள் இதை அறிந்திருந்தால் நன்றாக இருக்கும். அவருடைய சோர்வில் ஒரு பங்கு ரத்தத்தில் ஓடுகிறது. அதை மனத்திடத்தால் மட்டும் இறக்க முடியாது.

பாதிப்பு திரும்பவும் மூட்டுக்கே வருகிறது. சோர்ந்த மனம் வலியைக் கூட்டி உணர்கிறது. தூக்கம் கெடுகிறது, தூங்காத இரவுக்குப் பின் வரும் காலையில் இறுக்கம் கூடுகிறது. மாத்திரை எடுப்பதில் பிடிப்பு போய்விடுகிறது. டிஏஎஸ்28 என்ற அளவுகோலை வைத்துத்தான் மூட்டுநோய் மருத்துவர்கள் நோயின் வேகத்தைக் கணிக்கிறார்கள். அதில் நான்கு கூறுகள் உண்டு. 28 மூட்டுகளில் எத்தனை வீங்கியிருக்கின்றன, எத்தனை அழுத்தினால் வலிக்கின்றன, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது, நோயாளி தன் நிலைக்குத் தானே எத்தனை மதிப்பெண் தருகிறார். வலியும் சுயமதிப்பெண்ணும் மனநிலையைப் பொறுத்து ஏறி இறங்குபவை. வீக்கம் வடிந்து, ரத்தமும் சரியாக இருந்து, இந்த இரண்டு மட்டும் உயர்ந்து நிற்கும் நோயாளிக்குத் தேவையில்லாமல் விலை கூடிய மருந்து ஏற்றப்படலாம். அல்லது "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பப்படலாம். இரண்டுமே தவறு. அந்த நோயாளிக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரி.

பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. முதலில் சொன்ன இடைவெளிக்கும் அதுவே பெரிதும் காரணம். அசதி, தூக்கமின்மை, பசியின்மை, எதையும் மெதுவாகச் செய்வது ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள், முடக்குவாதத்தின் அறிகுறிகளும்கூட. ஒன்பது கேள்விப் படிவத்தில் இவை எல்லாம் இடம்பெறுவதால் மனம் நன்றாக இருப்பவரும் மூட்டுநோயால் மட்டுமே மதிப்பெண் வாங்கிவிடலாம். 1983இல் வெளியான எச்ஏடிஎஸ் படிவம் உடல்சார்ந்த கேள்விகளை விட்டுவிடுவதால் இங்கே அதிகம் பயன்படுகிறது. ஆனால் பரபரப்பான வெளிநோயாளிப் பிரிவில் இரண்டு கேள்விகளே போதும். கடந்த இரண்டு வாரங்களில் மனம் வாடி, நம்பிக்கையற்று இருந்ததா? வழக்கமாகப் பிடித்த காரியங்களில் நாட்டம் போய்விட்டதா? கை வலிப்பதால் கோலம் போட முடியவில்லை என்பவர் வேறு. கோலத்தைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை என்பவர் வேறு. இரண்டாமவருக்கு உதவி தேவை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு முடக்குவாத நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் செய்யச் சொல்லும் மறுபரிசோதனையில் ரத்த அழுத்தம், இதயநோய், எலும்புப்புரை ஆகியவற்றோடு மனச்சோர்வையும் சேர்த்திருக்கிறது. இந்தியாவில் அது இன்னும் வழக்கமாகவில்லை.

சிகிச்சையின் முதல் படி மூட்டுநோயை அடக்குவதே. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்க வேண்டிய மருந்து. தினமும் எடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. கவனம் சிதறும் மனச்சோர்வுக் காலத்தில் வீட்டில் ஒருவர் அந்த நாளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலையும் மனத்தடுமாற்றத்தையும் தரும். மாத்திரை தொடங்கியபின் மனநிலை மாறினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்துவது இன்னும் ஆபத்து.

ஆனால் மூட்டு சரியானால் மனமும் தானே சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. பலருக்கு அப்படி நடப்பதில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் தூக்க மாத்திரைகள் அல்ல, போதைப் பழக்கத்தையும் உண்டாக்குவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்பதால் பத்தே நாளில் "இது கேக்கல" என்று விடுவது வீண். குணமானபின்னும் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். டியூலோக்செட்டின் நாள்பட்ட வலி சிலவற்றுக்கும் உதவுகிறது. இரவில் குறைந்த அளவில் தரப்படும் அமிட்ரிப்டிலின் தூக்கத்துக்கும் வலிக்கும்தான். அதை எடுப்பவர் மனச்சோர்வுக்கும் மருந்து எடுக்கிறோம் என்று எண்ணிவிடக் கூடாது, அதற்குரிய அளவு வேறு. இன்னொரு எச்சரிக்கை முக்கியம். எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரைகளை டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகளோடு சேர்த்து எடுத்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. மனநல மருத்துவரிடம் மூட்டு மருந்துச் சீட்டையும், மூட்டு மருத்துவரிடம் மனநல மருந்துச் சீட்டையும் காட்டியே ஆக வேண்டும். மனநல மருத்துவரைப் பார்ப்பதையே மறைக்கும் நம் ஊர் வழக்கம் இந்த இடத்தில் நேரடியான தீங்கு.

மருந்தில்லா வழிகளில் நன்கு சோதிக்கப்பட்டது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அதன் ஒரு பகுதி, "இனி நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது போன்ற எண்ணங்களை எடுத்து வைத்து உண்மைதானா என்று பார்ப்பது. முடக்குவாதக்காரருக்கு இன்னும் கைகொடுப்பது மறு பகுதி, அதாவது அன்றாடச் செயல்களைத் திட்டமிடுவது. வலி குறைந்த நாளில் சேர்ந்துபோன துணி முழுவதையும் துவைத்து, வீட்டைக் கழுவி, மாவையும் ஆட்டிவிட்டு, அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பது பலரிடம் காணும் வழக்கம். கிடக்கும் நாட்களில் குற்ற உணர்வு சேர்கிறது, எழுந்ததும் அதை ஈடுகட்ட மறுபடி அளவு மீறுகிறார்கள். இந்தச் சுழலை உடைக்க வேலையை வலியால் அல்லாமல் கடிகாரத்தால் அளக்கச் சொல்கிறார்கள். இருபது நிமிடம் உட்கார்ந்தபடி காய் நறுக்கினால் வலிக்காவிட்டாலும் பத்து நிமிடம் கையை மடியில் வைத்து ஓய்வு. மோசமான நாளிலும் வேலையை முழுதாக விடாமல், அரை மணி நேரமாவது வாசலில் உட்கார்ந்து தெரிந்தவரோடு பேசுவது. நாளில் ஒரு வேலையாவது கடமைக்காக அல்லாமல் பிடித்ததற்காகச் செய்வது. பார்க்கச் சிறியவைதான். ஆனால் மனம் தேறியபின் செய்யலாம் என்று காத்திருப்பவரைவிட, செய்யத் தொடங்குபவரின் மனம் விரைவில் தேறுகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் 144 முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த, 2008இல் வெளியான ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. முன்பு பலமுறை மனச்சோர்வு வந்தவர்களுக்கு, எண்ணங்களோடு மல்லுக்கட்டாமல் வருவதை வந்தபடி கவனிக்கும் தியானப் பயிற்சி கூடுதல் பலன் தந்தது.

உடற்பயிற்சி மூட்டைத் தேய்க்கும் என்ற பயம் பழையது. பிரிட்டனில் நடந்து 2015இல் வெளியான சாரா ஆய்வில், கை விரல்களுக்கான நீட்டல், வலுவூட்டல் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்தவர்களின் கைத்திறன் கூடியது, நோய் மோசமாகவில்லை. நடை, நீச்சல், மிதிவண்டி ஆகியவை மனச்சோர்வையும் குறைப்பவை.

பிரெஞ்சு ஓவியர் ரென்வாரை நோயாளிகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது உண்டு. வாழ்வின் கடைசி கால் நூற்றாண்டை முடக்குவாதத்தோடு கழித்து, 1919இல் இறக்கும்வரை வரைந்தவர். அவருடைய மனவலிமையை மட்டும் பேசுவது பாதிக் கதை. அவர் கைக்குத் துணி சுற்றிவிட ஆள் இருந்தது. மடங்கிப்போன விரல்களுக்கிடையே மகன் தூரிகையைச் செருகிவிடுவது 1915இல் எடுத்த படச்சுருளில் பதிவாகியிருக்கிறது. பெரிய ஓவியங்களுக்காகக் கித்தான் துணியை உருளையில் சுற்றி நகர்த்தும் ஏற்பாடும் இருந்தது. குடும்பம் அவரைத் தேற்றியதோடு நிற்காமல் வேலை நடக்கும்படி பார்த்துக்கொண்டது. இங்கேயும் குழாய்க்கு நீண்ட பிடி போட்டுத் தருவது, கனமான பாத்திரத்தை மாற்றுவது, காலை வேலையைப் பத்து மணிக்குத் தள்ளிவைக்க ஒத்துக்கொள்வது ஆகியவை ஆயிரம் ஆறுதல் வார்த்தைகளைவிட மேல்.

சாவைப் பற்றிய பேச்சு, "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது" என்ற சொல், மாத்திரைகளைச் சேர்த்து வைப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும், தனியே விடக் கூடாது. அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416 இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது.

ஒருமுறை தேறியவருக்கும், மூட்டு மறுபடி கிளம்பும்போது மனச்சோர்வு கூடவே திரும்பலாம். ஆகவே நன்றாக இருக்கும் நாளிலேயே, தனக்கு முதலில் தெரியும் அறிகுறிகள் எவை, யாரிடம் சொல்வது, எந்த மருத்துவரைப் பார்ப்பது என்று நோயாளியும் வீட்டாரும் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்வதை மனநல மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். அந்தத் தாள் மூட்டு மருந்துச் சீட்டோடு அதே கோப்பில் இருப்பது நல்லது.