ஆங்கில இட முன்னிடைச்சொற்களும் தமிழின் ஏழாம் வேற்றுமையும்

1. முன்னுரை

ஆங்கிலத்தில் இடப்பொருள் உணர்த்தும் முன்னிடைச்சொற்களுள் ‘அட்’, ‘ஆன்’, ‘இன்’ ஆகிய மூன்றும் மிகுதியாக வழங்குவன. இம்மூன்றும் வரும் இடங்களில் தமிழ் பெரும்பாலும் ‘இல்’ என்னும் ஏழாம் வேற்றுமை உருபையே ஆள்கிறது. இவ்வேறுபாட்டால் மொழிபெயர்ப்பில் விளையும் இடர்ப்பாடுகளையும் அவற்றைத் தவிர்க்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. மூன்று சொற்களின் பொருள் எல்லை

‘அட்’ இடத்தை ஒரு புள்ளியாகக் காட்டும். ‘ஆன்’ ஒரு பரப்பையோ கோட்டையோ தொட்டு, பெரும்பாலும் அதனால் தாங்கப்பட்டு நிற்றலைக் காட்டும். ‘இன்’ ஓர் எல்லைக்குள் அடங்கியிருத்தலைக் காட்டும்.

‘ஆன்’ என்பதற்கு ‘மேல்’ எனப் பொருள் கொள்வது ஓரளவே பொருந்தும். சுவரில் தொங்கும் படத்திற்கும் அறைக்கூரையில் தலைகீழாக ஊரும் பல்லிக்கும் ஆங்கிலத்தில் ‘ஆன்’ வரும். ‘கூரையின் மேல் பல்லி’ என மொழிபெயர்ப்பின் பல்லி வீட்டிற்கு வெளியே சென்றுவிடும். மறுதலையாக, மேசையைத் தொடாது தொங்கும் விளக்கையும் தமிழில் ‘மேசைக்கு மேல்’ எனலாம். ஆங்கிலத்தில் அங்கு ‘ஆன்’ வாராது. ‘மேல்’ உயரத்தையும் ‘ஆன்’ தொடுதலையும் அடிப்படையாகக் கொண்டவை என்பது இதனால் பெறப்படும்.

3. தமிழ் வேறுபாடு காட்டும் முறை

ஏழாம் வேற்றுமையைக் ‘கண்’ எனப் பெயரிடும் தொல்காப்பியம், உள், மேல், கீழ், பின், புறம் முதலிய சொற்களையும் அதன்பாற்படுத்துகிறது. எனவே, வேண்டும்போது இடத்தை நுணுக்கமாகச் சுட்டும் வாய்ப்புத் தமிழுக்கு உண்டு. எனினும் இயல்பான வழக்கில் இப்பொருளைப் பெயரும் வினையுமே பெரிதும் சுமக்கின்றன.

(அ) சுவரில் படம் தொங்குகிறது.
(ஆ) சுவரில் ஆணி அறையப்பட்டுள்ளது.

ஆங்கிலத்தில் முன்னது ‘ஆன்’ பெறும். பின்னது ‘இன்’ பெறும். தமிழில் உருபு மாறவில்லை. வினையே வேறுபாட்டை உணர்த்துகிறது. ‘கார்னர்’ என்னும் பெயர் ‘அட்’ பெறும்போது தெருமுனையையும், ‘இன்’ பெறும்போது அறையின் மூலையையும் குறிக்கும். தமிழிலோ முனை, மூலை எனப் பெயரே வேறுபடுகிறது.

4. தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கு

மொழிகள் வேறுபடுவது எதைச் சொல்ல இயலும் என்பதைக் காட்டிலும் எதைச் சொல்லியே தீரவேண்டும் என்பதிலேயே என்பது ரோமன் யாக்கப்சன் 1959இல் வெளியிட்ட கருத்தின் சாரம். தமிழை ஆங்கிலமாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே.

‘கையில் கட்டி இருக்கிறது’ என ஒரு நோயாளி கூறுவதாகக் கொள்வோம். கட்டி தோலின் மேற்பரப்பில் இருப்பின் ‘ஆன்’ பொருந்தும்; தசைக்குள் இருப்பின் ‘இன்’ பொருந்தும். தமிழில் பொதுவாக நின்ற பொருள் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஊகித்து ஒன்றை எழுதின், நோயாளி சொல்லாத செய்தி மருத்துவக் குறிப்பில் ஏறிவிடும். வழக்குமன்றச் சாட்சியத்திற்கும் இது பொருந்தும். ‘மேசையில் கத்தி இருந்தது’ என்பது மேசைப் பரப்பையும் சுட்டலாம், அதன் இழுப்பறையையும் சுட்டலாம். இத்தகைய இடங்களில் ஊகத்தை விடுத்துப் பேசியவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

5. முடிவுரை

உருபுக்கு உருபு தேடுவது பயன் தராது. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும்போது முன்னிடைச்சொல்லின் பொருளைத் தமிழ்ப் பெயரிலோ வினையிலோ அமைக்கலாம். தமிழிலிருந்து பெயர்க்கும்போது, குறிக்கப்படும் இடம் புள்ளியா, பரப்பா, உள்ளிடமா என்பதை முதலில் தெளிந்த பின்னரே சொல்லைத் தெரிதல் வேண்டும்.