வேலிக்கு அந்தப் பக்கம்

ஈச்சிலம்பற்றில் எங்கள் மாதர் குழுக் கூட்டம் சனிக்கிழமைகளில் பின்னேரம் நடக்கும். போன மாதம் ஒருநாள் கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. ஒரு அக்கா எழும்பி வாசலுக்குப் போவதும் திரும்பி வந்து இருப்பதுமாக இருந்தார். என்னவென்று கேட்டேன்.

"மகன்ட மெச் மிஸ். நாலரைக்குத் தொடங்குதாம்."

"அப்ப போய்ப் பாருங்களன்."

கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "மைதானத்துக்கோ? நாங்களோ?"

அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. கடன் கொப்பியை மூடிவைத்துவிட்டு ஏழு பேராக நடந்து போனோம்.

மைதானம் என்று பேர்தான். திருகோணமலை நகரத்து மெக்கெய்சர் விளையாட்டரங்கு மாதிரிச் சுற்றுமதிலோ பார்வையாளர் மேடையோ இங்கே கிடையாது. லீக்கில் பதியாத இரண்டு ஊர்க் கழகங்கள் சினேகபூர்வமாக ஆடுகிற வெட்டை. பகலில் மாடு மேயும். கம்பத்தில் வலைக்குப் பதிலாகப் பழைய மீன்வலை கட்டியிருந்தார்கள். ஆம்பிளைகள் கோட்டோரம் முழுக்க நின்றார்கள். பெண்கள் இருந்தார்கள்தான், ஆனால் பக்கத்து வளவுகளின் வேலிக்குப் பின்னால். கிடுகுக்கு மேலாலே தலை மட்டும் தெரிந்தது.

இந்த ஊர்த் தாய்மாருக்குப் பின்னேரம் என்பது லேசான நேரம் அல்ல. 2004 சித்திரையில் வெருகல் ஆற்றங்கரையில் சண்டை. அதே வருடம் மார்கழி 26இல் கடல் வந்தது. 2006இல் ஷெல்லுக்கும் விமானக் குண்டுக்கும் ஓடி, வாகரையில் கிடந்து, அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்கள். 2007இல்தான் திரும்பி வந்தார்கள். இந்த வருடங்களிலெல்லாம் பொழுது படமுன் பொடியன்களை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துவதுதான் தாயின் வேலை. ஆட்சேர்ப்பு, கடத்தல், சுற்றிவளைப்பு என்று வருகிறவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள். இருட்டுகிற நேரம் மாறவில்லை.

அந்த அக்கா வாகரைக்கு நடந்தபோது மகன் வயிற்றில். அவன் நடை பழக முதல் தகப்பன் காணாமல் போய்விட்டார். இப்போது பொடியனுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது. அவன் பந்தடிப்பதை அக்கா ஒருநாளும் கண்டதில்லை. ஜேர்சியில் பிடித்த மண்ணையும் வீங்கிய கணுக்காலையும் வைத்துத்தான் மெச் எப்படிப் போனது என்று கண்டுபிடிப்பாராம். "இந்தக் கறை போகாட்டி அண்டைக்கு நல்லா விழுந்திருக்கான் எண்டு அர்த்தம்."

நாங்கள் வேலியைத் தாண்டிக் கோட்டோரம் வந்து நின்றோம். ஒரு பெரியவர், "பந்து படும் புள்ளையள், தள்ளி நில்லுங்க" என்றார். அவர் அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் அவருக்குப் பக்கத்தில் நின்ற ஐந்து வயதுப் பையனை யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை எங்களுக்கு ஓப்சைட் என்றால் என்னவென்று சொல்லித் தந்தது. தன் ஆள் பந்தைத் தருகிற நேரத்தில், எதிரணிப் பாதியில், பந்தையும் தாண்டி முன்னுக்குப் போய் நிற்கிறவனுக்கும் எதிரணிக் கோட்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு எதிரணிக்காரராவது இருக்கவேண்டும். அநேகமாக அதில் ஒருவர் கோல் காப்பாளர். எனக்கு விளங்கப் பிந்தியது. எங்களோடு வந்த ஆச்சி ஒருவர் உடனே சொன்னார்: "நிவாரண லைனில களவா முன்னுக்குப் போய் நிக்கிறவன் மாதிரி." அதன் பிறகு மத்தியஸ்தர் விசில் ஊதும்போதெல்லாம் ஆச்சிதான் எங்களுக்குத் தீர்ப்புச் சொன்னார்.

'தள்ளி நில்லுங்கள்' என்ற சொல்லுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இடைவேளையில் அதைத்தான் இவர்களுக்குச் சொன்னேன். முதலாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் டிக் கேர் தொழிற்சாலையில் பெண்கள் ஷெல் செய்தார்கள். (ஷெல் செய்த கை என்பது நமக்கு இனிக்கிற சேதியல்ல, இருந்தாலும் கதையைக் கேளுங்கள்.) அவர்கள் உதைபந்தாட்ட அணி ஒன்று அமைத்து, 1917 நத்தார் தினத்தில் காயப்பட்ட படைவீரர்களின் வைத்தியசாலைக்காக ஆடினார்கள். பத்தாயிரம் பேர் வந்தார்கள். 1920 மார்கழி 26இல், ஆம், அதே மார்கழி 26இல், லிவர்பூல் நகரத்துக் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்களைப் பார்க்க 53,000 பேர். போருக்குப் போய் உடல் ஊனமுற்றும் வேலையில்லாமலும் இருந்தவர்களுக்காகக் காசு சேர்ந்தது.

அடுத்த வருடம், 1921 மார்கழி 5இல், இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் ஒரு தீர்மானம் எடுத்தது. இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது, சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் தங்கள் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது என்றது. பந்தைப் பறிக்கவில்லை, இடத்தைப் பறித்தார்கள். 1971 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. டிக் கேர் பெண்கள் விடவில்லை. சங்கத்தில் சேராத மைதானங்களைத் தேடித்தேடி 1965 வரை ஆடினார்கள்.

"அப்ப எங்கட வெட்டை மாதிரி இடத்திலதான் ஆடியிருக்காளுகள்" என்றார் ஆச்சி.

நம் நாட்டிலும் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலைகள் உதைபந்தாட்டத்தில் பல தடவை சம்பியனாகியிருக்கிறார்கள். போரில் இடம்பெயர்ந்து வேறிடத்தில் இயங்கவேண்டி வந்த பாடசாலை அது. இதைச் சொன்னதும் ஓப்சைட் சொல்லித்தந்த பிள்ளை, "அவங்களுக்கு ஆர் மிஸ் பந்து குடுத்த?" என்று கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை.

ஏன் மைதானத்துக்கு வருவதில்லை என்று கேட்டதற்குப் பெண்கள் சொன்ன காரணங்களை அப்படியே தருகிறேன். புருஷன் இல்லாதவள் சந்தோஷமாக நின்றால் ஊர் கதைக்கும். மலசலகூடம் இல்லை. திரும்பும்போது இருட்டிவிடும், யானை வரும். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'பொதுவெளி' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளிகள் எடுத்தவள் நான். அதில் ஓரிடத்திலும் மலசலகூடம் என்ற சொல்லை எழுதியதாக ஞாபகம் இல்லை.

இரண்டாம் பாதியில் அக்காவின் மகன் காலில் அடிபட்டு விழுந்தான். அக்கா கோட்டைத் தாண்டி ஓடிவிட்டார். மத்தியஸ்தர் கை காட்டி நிறுத்தினார். பொடியன் எழும்பி நொண்டி நொண்டி நடந்தான். தாயைக் கண்டதும் அவனுக்கு வெட்கம். அக்கா திரும்பி வந்து கோட்டின் மேலேயே நின்றார். முடியும்வரை இருக்கவில்லை. யாரும் தள்ளி நிற்கச் சொல்லவும் இல்லை.

மகனின் கழகம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றது. அவன் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதை அக்கா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நாங்கள் வெளிக்கிடும்போது பொழுது பட்டுவிட்டது. "நீங்க போங்கம்மா, நான் பெடியனோட கதைச்சிட்டு வாறன்" என்றான் மகன். அக்கா வானத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். அவர் இல்லை என்று சொல்லப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"எட்டுக்கு முதல் வந்திரு மனே. டோர்ச் இந்தா."

எங்கள் கூட்டம் இப்போது பின்னேரம் இரண்டரைக்குத் தொடங்குகிறது. மைதானத்துக்கு ஒரு மலசலகூடமும் இரண்டு வாங்கும் கேட்டுப் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். இதுவரைக்கும் பதினாறு பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். ஆச்சி கைநாட்டு.