அயர்லாந்தின் மரபு ரயில்களும் நீராவி எஞ்சின் பாதுகாப்பும்

அயர்லாந்துத் தீவில் ஓடி ஓய்ந்த நீராவி எஞ்சின்கள், பெட்டிகள், நிலையங்கள், பாதைகள் ஆகியவற்றைக் காப்பாற்றி, முடிந்தவற்றை மீண்டும் ஓட்டிக்காட்டும் முயற்சி 1960களில் வலுப்பெற்றது. தீவு அயர்லாந்துக் குடியரசு, வட அயர்லாந்து என இரண்டு ஆட்சிகளின்கீழ் பிரிந்திருந்தாலும் இம்முயற்சி எல்லை பாராமல் நடந்துவருகிறது. அண்டை நாடான பிரிட்டனோடு ஒப்பிட்டால் இங்கு எஞ்சியிருப்பது மிகக் குறைவு. முதன்மைப் பாதைகளின் அகலத்துக்கு ஏற்ற நீராவி எஞ்சின்களில் தீவு முழுவதும் சுமார் இருபதுதான் மிஞ்சியுள்ளன. அவற்றில் ஒன்று வீணானால் பிரிட்டனிலிருந்து வேறொன்றை வாங்கிவந்து ஓட்ட முடியாது. அதற்குக் காரணம் தண்டவாளத்தின் அகலம்.

ஐந்தடி மூன்று அங்குலம்

அயர்லாந்தின் முதல் ரயில் 1834 டிசம்பர் 17 அன்று டப்ளினுக்கும் கிங்ஸ்டவுன் துறைமுகத்துக்கும் (இன்றைய டன் லேரி) இடையே ஓடியது. அப்பாதை பிரிட்டனில் வழக்கமான 4 அடி 8½ அங்குல அகலம் கொண்டது. அடுத்து வடக்கே வந்த அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலத்தைத் தேர்ந்தெடுத்தது. மூன்றாவது நிறுவனம் வேறோர் அளவை முன்வைத்தபோது, இந்தப் பாதைகள் ஒருநாள் சந்திக்க வேண்டியிருக்கும் என்பது அரசுக்கு உறைத்தது. பிரிட்டிஷ் வணிக வாரியத்தின் சார்பில் இதை ஆராய்ந்த தளபதி பாஸ்லி, வல்லுநர்கள் சொன்ன வெவ்வேறு அளவுகளுக்கு நடுவாக 5 அடி 3 அங்குலத்தைப் பரிந்துரைத்தார். 1846ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதிசெய்தது. இந்த 1600 மில்லிமீட்டர் அகலம் ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளிலும் பிரேசிலிலும் வழங்குகிறது. ஐரோப்பாவில் வேறெங்கும் இல்லை. தமிழில் அகலப்பாதை என்று நாம் அறிந்தது 1676 மில்லிமீட்டர். அதனோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது.

பிரிட்டனில் ஒரு மரபு ரயில் சங்கம் தொடங்கினால் நூற்றுக்கணக்கான பழைய எஞ்சின்களில் தனக்கேற்றதை இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஐரிஷ் சங்கங்களுக்கு அந்த வசதி இல்லை. இருப்பதைப் பழுதுபார்த்தாக வேண்டும், அல்லது புதிதாகச் செய்துகொள்ள வேண்டும்.

அழிந்தவையும் தப்பியவையும்

1920 வாக்கில் தீவின் இருப்புப்பாதைகள் ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர் நீண்டிருந்தன. இன்று அதில் பாதிகூட இல்லை. 1922–23 உள்நாட்டுப் போரில் பாலங்களும் எஞ்சின்களும் தகர்க்கப்பட்டன. பிறகு பேருந்தும் லாரியும் பயணிகளையும் சரக்கையும் இழுத்துக்கொண்டன. நாட்டுப் பிரிவினை கிரேட் நார்தர்ன் ரயில்வேயைத்தான் கடுமையாகத் தாக்கியது. 1876இல் உருவான அந்நிறுவனத்தின் பாதைகள் புதிய எல்லையைப் பல இடங்களில் வெட்டிச் சென்றன. ஒவ்வோர் இடத்திலும் சுங்கச் சோதனை. 1957இல் வட அயர்லாந்து அரசு அதன் எல்லைப்புறப் பாதைகள் பலவற்றை மூடியது.

தெற்கே சிஐஇ என்னும் பொதுத்துறை நிறுவனம் டீசலுக்கு வேகமாக மாறியது. இடையில் வினோதமான ஒரு சோதனையும் நடந்தது. பொறியாளர் ஆலிவர் புல்லெய்ட், அயர்லாந்தின் சதுப்புநிலங்களில் வெட்டியெடுக்கும் கரிமண்ணை எரித்து ஓடும் சிசி1 என்ற எஞ்சினை 1957இல் டப்ளினின் இஞ்சிகோர் பணிமனையில் கட்டினார். நிலக்கரியை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது அறிவுக்குப் பொருந்திய யோசனைதான். ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. சிசி1 1965இல் உடைக்கப்பட்டது. இன்று இருந்திருந்தால் ஆர்வலர்கள் முதலில் தேடிச்செல்லும் எஞ்சின் அதுவாகத்தான் இருக்கும்.

தப்பியவற்றுள் மிகப் பெரியது 800 எண் கொண்ட ‘மேவ்’. 1939இல் இஞ்சிகோரில் உருவான இதுவும் இதன் உடன்பிறப்புகள் இரண்டும் டப்ளின்–கார்க் விரைவு ரயில்களை இழுத்தன. அயர்லாந்தில் ஓடிய நீராவி எஞ்சின்களில் இவையே ஆற்றல் மிக்கவை. பழங்கதை அரசி ஒருத்தியின் பெயரைத் தாங்கிய அதன் பலகை ஐரிஷ் எழுத்துகளில் வார்க்கப்பட்டது. புதிய நாட்டின் பெருமிதம் அதில் தெரியும். இப்போது அது பெல்ஃபாஸ்டுக்கு அருகே கல்ட்ராவிலுள்ள அல்ஸ்டர் நாட்டுப்புற, போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஃபின்டோனா கிளைப்பாதையில் 1957 வரை குதிரை இழுத்துச் சென்ற டிராம் பெட்டியும் அங்கே உண்டு.

வைட்ஹெட் பணிமனை

1964இல் அயர்லாந்து ரயில்வே பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. ஆன்ட்ரிம் மாவட்டத்தில் கடலோர ஊரான வைட்ஹெட்டில், முன்பு சுற்றுலா ரயில்கள் நின்ற வளாகத்தில் அது குடியேறியது. மறுஆண்டே 1879இல் கட்டிய 186ஆம் எண் சரக்கு எஞ்சினை சிஐஇ அதற்கு வழங்கியது. இவ்வகை எஞ்சின்கள் நூற்றுக்கு மேல் கட்டப்பட்டன. அயர்லாந்தில் வேறெந்த வகையும் இத்தனை கட்டப்படவில்லை. சரக்கு, பயணிகள், மாட்டுச்சந்தை ரயில் என எதற்கும் ஈடுகொடுத்தவை அவை. இதே வகையின் 184ஆம் எஞ்சின், சான் கானரி நடித்து மைக்கேல் கிரைட்டன் இயக்கிய ரயில் கொள்ளைப் படத்துக்காக 1978இல் ஒப்பனை மாற்றி ஓடியது.

சங்கத்தின் நான்காம் எண் எஞ்சினுக்கு வேறொரு தனிச்சிறப்பு. பிரிட்டனின் அரசு ரயில்வேயில் நீராவி 1968இல் முடிந்தது. வட அயர்லாந்திலோ 1970 வரை நீராவி எஞ்சின்கள் அன்றாட வேலையில் இருந்தன. பெல்ஃபாஸ்டை ஒட்டி எம்2 நெடுஞ்சாலை அமைப்பதற்காக மாகெரமோர்ன் சுரங்கத்திலிருந்து மண்ணும் கல்லும் சுமக்கும் பணி அவற்றுக்குக் கிடைத்திருந்தது. முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் ஓர் எஞ்சின் என்று அந்தக் கனத்த ரயில்கள் ஓடின. தன்னை ஒழிக்க வந்த சாலைக்கே மண் சுமந்ததால் நீராவிக்குச் சில ஆண்டுகள் கூடுதல் ஆயுள் கிடைத்தது. அப்பணியில் உழைத்த நான்காம் எண்ணைச் சங்கம் 1971இல் விலைக்கு வாங்கியது.

சங்கத்துக்கெனத் தனிப் பாதை இல்லை. மற்ற நாடுகளின் மரபு ரயில்கள் பெரும்பாலும் கைவிடப்பட்ட கிளைப்பாதையில் சில கிலோமீட்டர் போய்த் திரும்பும். இங்கு எஞ்சின்கள் அன்றாட ரயில்கள் ஓடும் முதன்மைப் பாதைகளிலேயே செல்கின்றன, எல்லையையும் கடக்கின்றன. 1973 முதல் ‘போர்ட்ரஷ் ஃபிளையர்’ என்ற கோடைக்கால ரயில் பெல்ஃபாஸ்டிலிருந்து வடக்குக் கடற்கரைக்கு ஓடியது. வட அயர்லாந்தில் குண்டுவெடிப்பும் துப்பாக்கிச்சூடும் அன்றாடச் செய்தியாக இருந்த ஆண்டுகள் அவை.

இவ்வாறு ஓடுவதில் சிக்கல்கள் ஏராளம். நிலையங்களில் நீர்த்தூண்கள் இல்லாததால் வழியில் டேங்கர் லாரியை வரவழைத்துத் தண்ணீர் பிடிக்க வேண்டும். எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடைகள் பெரும்பாலும் அகற்றப்பட்டுவிட்டன. ஆகவே முன்னும் பின்னும் ஒருபோல் ஓடக்கூடிய, தண்ணீரையும் கரியையும் தன் உடலிலேயே சுமக்கும் நான்காம் எண் போன்றவை பெரிதும் உதவுகின்றன. கொதிகலனைக் குறித்த கால இடைவெளியில் பிரித்துப் பார்த்துச் சான்று பெறாமல் ஓட்ட முடியாது. குழாய்களை மாற்றுவது, தீப்பெட்டியின் செம்புத் தகட்டை ஒட்டுவது, தாங்கிகளில் வெண்ணுலோகம் வார்ப்பது போன்ற வேலைகளை அறிந்தவர்கள் அருகிவிட்டதால் சங்கம் வைட்ஹெட்டிலேயே முழுப் பணிமனையை வளர்த்தது. காட்சிப்பொருளாகப் பல ஆண்டுகள் நின்று, பிறகு கழற்றப்பட்டுத் துண்டு துண்டாகக் கிடந்த 1901ஆம் ஆண்டின் 131ஆம் எஞ்சின் இப்படித்தான் 2015இல் மீண்டும் ஓடியது. 2017 முதல் வளாகம் அருங்காட்சியகமாகவும் திறந்திருக்கிறது. பணிமனையில் நடக்கும் வேலையைப் பார்வையாளர்கள் நேரில் காணலாம்.

ஓட்டுவதா, நிறுத்திவைப்பதா என்ற வாதம் ஆர்வலர்களிடையே ஓயாதது. ஓட்டினால் மூலப் பாகங்கள் தேய்ந்து ஒவ்வொன்றாக மாற்றப்படும். நூறாண்டு எஞ்சினில் நூறாண்டு இரும்பு மிஞ்சாது. நிறுத்தினால் இரும்பு நிலைக்கும், அதைக் கையாளத் தெரிந்த கை மறையும். ‘மேவ்’ இரண்டாம் வழியில் போனது. அளவிலும் எடையிலும் பெரிய அதை ஓட்டும் செலவை நினைத்தால் அந்த முடிவைக் குறைசொல்ல முடியாது.

குறுகிய பாதைகள்

மக்கள்தொகை குறைந்த மேற்கிலும் வடமேற்கிலும் செலவைக் குறைக்க மூன்றடிப் பாதைகள் போடப்பட்டன. அவை சாலையோரம் நெளிந்து, செங்குத்தான ஏற்றங்களில் திணறி, தாமதத்துக்குப் பேர்போனவையாக ஓடின. வெஸ்ட் கிளேர் ரயில்வே தாமதித்ததால் தன் நிகழ்ச்சி கெட்டதென்று கலைஞர் பெர்சி ஃபிரெஞ்சு 1896இல் வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற்றார். அதோடு விடாமல் அந்த ரயிலைக் கிண்டல் செய்து பாட்டும் எழுதினார். ரயில்வே 1961இல் மூடப்பட்டது. பாட்டு இன்றும் வழங்குகிறது. அங்கு ஓடிய ‘ஸ்லீவ் கேலன்’ எஞ்சின் எனிஸ் நிலையத்தில் நெடுங்காலம் சிலைபோல் நின்றபின் புதுப்பிக்கப்பட்டு, 2009இல் மொயாஸ்டா சந்திப்புக்குத் திரும்பியது.

டொனகல் மாவட்ட ரயில்வே 1959 கடைசி நாளில் பயணிகள் சேவையை நிறுத்தியது. அதன் எஞ்சின்கள் சிலவற்றை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். கப்பல் கட்டணம் கட்டுப்படியாகாமல் அவை ஏலம் போன இடத்திலேயே துருவேறி நின்றன. ஆனால் வேறொருவர் சொத்தாக இருந்ததால் பழைய இரும்புக் கடைக்கும் போகவில்லை. ட்ராலி–டிங்கிள் பாதையின் 5ஆம் எண் எஞ்சின் மட்டும் கடலைக் கடந்தது. 1959இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து அருங்காட்சியகத்துக்குப் போய், 1986இல் ஊர் திரும்பியது.

டீசல் ஆர்வலர்கள்

நீராவியை விரட்டிய டீசல் எஞ்சின்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது. 1955இலிருந்து வந்த ஏ வகையின் 60 எஞ்சின்களில் முதலில் இருந்த கிராஸ்லி இயந்திரங்கள் தொல்லை கொடுத்ததால், அவற்றின் இடத்தில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. அதே நிறுவனத்திடமிருந்து 1961இல் வந்த 121 வகைக்கு ஒரு பக்கம்தான் ஓட்டுநர் அறை. இவற்றின் இரண்டடிப்பு இயந்திர உறுமலைக் கேட்டே வகை சொல்லும் ஆர்வலர்கள் உண்டு. 1989இல் தோன்றிய ஐரிஷ் டிராக்‌ஷன் குரூப், திப்பெரரி மாவட்டத்தின் காரிக்-ஆன்-ஷூர் நிலையத்தில் டீசல் எஞ்சின்களைக் காத்துவருகிறது. நீராவிக்காரர்கள் இவர்களை ஒருகாலத்தில் வேடிக்கையாகப் பார்த்தார்கள். இன்றோ நீராவி ரயில் பழுதானால் இழுத்துவர டீசலைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

டவுன்பாட்ரிக்

5 அடி 3 அங்குல அகலத்தில் தனக்கென ஒரு பாதை வைத்துப் பயணிகளை ஏற்றிச்செல்லும் மரபு ரயில் டவுன்பாட்ரிக்கில் இருக்கிறது. அவ்வூருக்கு வந்த பழைய பாதை 1950இல் மூடப்பட்டுத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. 1985இல் கூடிய தன்னார்வலர்கள் வெறும் மண்மேட்டின்மீது அதை மீண்டும் போட்டார்கள். இன்று ரயில் ஒருபுறம் இன்ச் மடாலயத்தின் இடிபாடுகளுக்கும் மறுபுறம் 1103இல் அங்கு கொல்லப்பட்ட நார்வே அரசர் மாக்னசின் புதைமேட்டுக்கும் போகிறது. இங்கு ஓடிய நீராவி எஞ்சின்களில் சில ஜெர்மனியில் செய்து, ஐரிஷ் சர்க்கரை ஆலைகளில் பீட்ரூட் வேகன்களைத் தள்ளியவை.

பாதை தாழ்வான சதுப்புநிலத்தில் அமைந்தது. 2023 அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் பெய்த கனமழையில் நிலையமும் பணிமனையும் வெள்ளத்தில் மூழ்கின; அங்கு நின்ற வண்டிகளின் அடிப்பாகங்களில் சேற்றுநீர் ஏறியது. நீர் வடிந்ததும் தன்னார்வலர்கள் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, நனைந்த தாங்கிகளைத் திறந்து கழுவிப் புதிய எண்ணெய் இடுவது.